சந்தி இல்லாமலே மின்னோட்டம்: சமச்சீரற்ற படிகத்தில் ஒளி செய்யும் வேலை

சில படிகங்களின் மேல் ஒளி பட்டாலே போதும், பேட்டரி எதுவும் இணைக்காமல் அவற்றில் மின்னோட்டம் ஓடும். சோலார் செல்லில் இருப்பது போன்ற பி-என் சந்தி, அதாவது இரு வகைக் குறைக்கடத்திகள் சேரும் எல்லை, அவற்றில் கிடையாது. படிகம் முழுக்க ஒரே பொருள்தான், ஒளியும் எல்லா இடத்திலும் சீராகவே விழுகிறது. இருந்தும் ஒரு குறிப்பிட்ட திசையில் மின்னோட்டம் வருகிறது. இதற்குப் பருமன் ஒளிமின்னழுத்த விளைவு என்று பெயர். விளிம்பிலோ சந்தியிலோ இல்லாமல், பொருளின் முழுப் பருமனிலும் நடப்பதால் அந்தப் பெயர்.

இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று: "படிகத்துக்குள்ளேயே ஒரு மின்புலம் இருக்கிறது, அதுதான் எலக்ட்ரானைத் தள்ளுகிறது." இன்னொன்று: "ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வருகிறது, ஆகவே சோலார் செல்லின் திறன் வரம்பு உடைந்துவிட்டது." இரண்டுமே தவறு. எலக்ட்ரான் ஒளியை வாங்கி மேல்நிலைக்குத் தாவும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்காததுதான் இரண்டு தவறுக்கும் காரணம். அந்தத் தாவலைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

## முதலில், சாதாரண சோலார் செல்

சிலிக்கானில் எலக்ட்ரான்கள் தங்கக்கூடிய ஆற்றல் நிலைகள் இரண்டு தொகுதிகளாக இருக்கின்றன. கீழே இருப்பது இணைதிறன் பட்டை, அது நிரம்பியிருக்கும். மேலே இருப்பது கடத்தல் பட்டை. அது ஏறக்குறைய காலி. இரண்டுக்கும் நடுவே உள்ள பட்டை இடைவெளி சிலிக்கானில் சுமார் 1.12 எலக்ட்ரான் வோல்ட். அதைவிட அதிக ஆற்றல் கொண்ட ஒரு ஃபோட்டான் வந்தால் எலக்ட்ரான் மேலே போகும், கீழே அது விட்டுப்போன காலியிடம், அதாவது ஒரு துளை, மிஞ்சும்.

எலக்ட்ரானும் துளையும் தம் பாட்டுக்கு எல்லாப் பக்கமும் அலைகின்றன. சந்தியின் ஒரு பக்கம் எலக்ட்ரானை மட்டும் எடுத்துக்கொள்கிறது, மறுபக்கம் துளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. திசையைத் தருவது சந்திதான். சிலிக்கானுக்கு அதில் பங்கில்லை. இப்படிப்பட்ட செல்லின் மின்னழுத்தம் பட்டை இடைவெளியைத் தாண்டாது. சிலிக்கான் செல் ஒன்றில் கிடைப்பது ஏறத்தாழ 0.7 வோல்ட். ஷாக்லியும் குவைசரும் 1961-இல் வகுத்த வரம்பின்படி, ஒற்றைச் சந்தி செல்லால் சூரிய ஒளியில் அதிகபட்சம் 33 சதவீதம் அளவுக்கே மின்சாரமாக்க முடியும்.

## ஆடும் புலத்திலிருந்து நேர் மின்னோட்டம் எப்படி வரும்?

ஒளி என்பது ஆடிக்கொண்டிருக்கும் மின்புலம். 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் அந்தப் புலம் வினாடிக்கு 600 லட்சம் கோடி தடவை முன்னும் பின்னுமாகத் திரும்புகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவு எதிர்ப்பக்கமும் தள்ளுகிறது. சராசரி பூஜ்யம். அப்படியிருக்க ஒரே திசையில் மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது?

ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பில் ரம்பப் பற்கள் போலப் பள்ளங்கள்: ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் சாய்வாக, மறுபக்கம் செங்குத்தாக இருக்கிறது. அதில் சில மணிகளைப் போட்டு, தட்டை இடமும் வலமும் ஒரே அளவாக ஆட்டினால், மணிகள் சாய்வுப் பக்கமாக ஏறித் தாண்டும். செங்குத்துப் பக்கம் தாண்ட முடியாமல் நிற்கும். ஆட்டம் இரு பக்கமும் சமம்தான், ஆனாலும் மணிகள் ஒரு பக்கமாகவே நகரும். தட்டு சாய்ந்திருக்கவில்லை, மணிகளை இழுக்கும் விசை எதுவும் இல்லை. பற்களின் வடிவம் மட்டுமே திசையைத் தீர்மானிக்கிறது. பற்கள் இரு பக்கமும் ஒரே சாய்வாக இருந்தால் எவ்வளவு ஆட்டினாலும் நிகர நகர்வு வராது.

இந்த ஒப்புமையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, அமைப்பில் சமச்சீரின்மை இருக்க வேண்டும். இரண்டு, வெளியிலிருந்து யாரோ ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சமச்சீரற்ற படிகத்தை இருட்டில், சுற்றுப்புறத்தின் அதே வெப்பநிலையில் வைத்தால் மின்னோட்டம் வராது. அந்த நிலையில் படிகம் உட்கவரும் கதிர்வீச்சும் வெளிவிடும் கதிர்வீச்சும் எல்லா வழியிலும் சரிக்குச் சரியாக இருக்கும். முன்னே போன ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னே ஒன்று வந்து கழிந்துவிடும். படிகத்தைவிட மிக வெப்பமான ஒன்றிலிருந்து வரும் ஒளியோ லேசர் ஒளியோதான் அந்தச் சமநிலையைக் குலைக்கிறது.

ஒப்புமை இதற்கு மேல் உதவாது. மணி பல்லின் மேல் ஏறி இறங்கும் பாதையை நாம் கண்ணால் பார்க்கலாம். படிகத்தில் எலக்ட்ரான் அப்படிப் பாதை போட்டு நடப்பதில்லை. நகர்வு, தாவலிலேயே நடந்து முடிகிறது.

## மையச் சமச்சீர் என்றால் என்ன?

படிகத்துக்குள் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் அணுவையும் அந்தப் புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதே தூரத்துக்கு மாற்றி வைத்தாலும் படிகம் முன்பிருந்தபடியே இருக்குமானால், அதற்கு மையச் சமச்சீர் உண்டு. சிலிக்கானுக்கு அது உண்டு: இரண்டு சிலிக்கான் அணுக்களை இணைக்கும் பிணைப்பின் நடுப்புள்ளிதான் அந்த மையம். காலியம் ஆர்சனைடின் அடுக்குமுறை சிலிக்கானைப் போன்றதே. ஆனால் அங்கே பிணைப்பின் ஒரு முனையில் காலியம், மறுமுனையில் ஆர்சனிக். நடுப்புள்ளியைச் சுற்றி எதிர்ப்பக்கம் மாற்றினால் காலியம் இருந்த இடத்துக்கு ஆர்சனிக் வந்துவிடும். ஆகவே மையச் சமச்சீர் இல்லை.

இது ஏன் முக்கியம் என்பதைச் சிறிய தர்க்கம் ஒன்றால் காட்டலாம். நாம் பேசும் மின்னோட்டம் ஒளியின் மின்புலத்தின் இருபடியைப் பொறுத்தது. புலத்தைத் தலைகீழாக்கினாலும் இருபடி மாறாது. இப்போது படிகம், புலம், மின்னோட்டம் மூன்றையும் மையத்தைச் சுற்றி எதிர்ப்பக்கம் மாற்றுவோம். மின்னோட்டத்தின் திசை திரும்பியாக வேண்டும். ஆனால் புலத்தின் இருபடி அப்படியே இருக்கிறது; மையச் சமச்சீர் உள்ள படிகம் என்றால் அதுவும் அப்படியே இருக்கிறது. காரணங்கள் மாறாதபோது விளைவும் மாறக்கூடாது. மாறவும் வேண்டும், மாறவும் கூடாது என்றால் அந்த மின்னோட்டம் பூஜ்யமாக மட்டுமே இருக்க முடியும். இருபடி என்பதால் இன்னொன்றும் கிடைக்கிறது: மின்னோட்டம் ஒளியின் செறிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஒளியை இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும்.

படிகங்களின் சமச்சீர் வகுப்புகள் மொத்தம் 32. அவற்றில் 21 வகுப்புகளுக்கு மையச் சமச்சீர் இல்லை. அந்த 21-இல் 20 வகுப்புகளில் நேர்கோட்டுத் தளவிளைவுற்ற ஒளியால், அதாவது புலம் ஒரே கோட்டில் ஆடும் ஒளியால், மின்னோட்டம் வரலாம். அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ மின் படிகங்களின் பட்டியலும் இதே 20தான். புலம் சுழன்றுகொண்டே வரும் வட்டத் தளவிளைவுற்ற ஒளிக்கு மட்டும் பதில் சொல்லும் மின்னோட்டம் 18 வகுப்புகளில் அனுமதிக்கப்படுகிறது.

இதுவரை பார்த்தது: ஆடும் புலத்திலிருந்து நேர் மின்னோட்டம் வருவதற்குப் படிகத்தில் மையச் சமச்சீர் இல்லாமல் இருக்க வேண்டும், ஒளி சமநிலையைக் குலைக்க வேண்டும். உள்ளே ஒரு மின்புலம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் வரவில்லை.

## அருகில் சென்று பார்த்தால்: காலியம் ஆர்சனைடு

காலியம் ஆர்சனைடுக்கு நிலையான மின் முனைவாக்கம் கிடையாது. அதாவது, நேர் மின்னூட்டம் ஒரு பக்கமும் எதிர் மின்னூட்டம் மறுபக்கமும் ஒதுங்கிய அமைப்பு அதில் இல்லை. "உள்மின்புலம் தள்ளுகிறது" என்ற விளக்கம் இங்கே எடுபடாது. அதனாலேயே தொடங்குபவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் ஓர் ஆர்சனிக் அணு. எட்டு மூலைகளில் நான்கில் மட்டும் காலியம் அணுக்கள்: மேல்முகத்தில் ஒரு மூலைவிட்டத்தின் இரு முனைகளில் இரண்டு, கீழ்முகத்தில் அதற்குக் குறுக்கே போகும் மூலைவிட்டத்தின் இரு முனைகளில் இரண்டு. ஆர்சனிக்கிலிருந்து இந்த நான்கையும் நோக்கி நான்கு பிணைப்புகள். ஒவ்வொன்றின் நீளம் சுமார் 0.245 நானோமீட்டர்.

இணைதிறன் பட்டையின் மேல்விளிம்பில் உள்ள எலக்ட்ரான் ஆர்சனிக் பக்கமே அதிகம் தங்கியிருக்கிறது. கடத்தல் பட்டைக்குப் போகும்போது அதன் எடை காலியம் பக்கம் சாய்கிறது. ஆக, ஒவ்வொரு தாவலும் பிணைப்பின் வழியே ஆர்சனிக்கிலிருந்து காலியம் நோக்கி ஒரு சிறு நகர்வு.

இப்போது மேலிருந்து ஒளி விழட்டும். அதன் மின்புலம் மேல்முகக் காலியங்கள் இருக்கும் மூலைவிட்டத்தின் கோட்டில் ஆடட்டும். அந்தப் புலத்தோடு சேர்ந்து ஆடக்கூடியவை மேல்நோக்கிப் போகும் இரண்டு பிணைப்புகள் மட்டுமே. கீழ்நோக்கிப் போகும் இரண்டும் புலத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் பங்கெடுப்பதில்லை. ஒரு பிணைப்பில் எலக்ட்ரான் மேலும் இடமுமாக நகர்கிறது, மற்றதில் மேலும் வலமுமாக. இடமும் வலமும் கழிந்துபோகும். மேல்நோக்கிய நகர்வு மிஞ்சும்.

ஒளியின் தளத்தை, அதாவது அதன் புலம் ஆடும் கோட்டை, 90 பாகை திருப்புங்கள். இப்போது கீழ்நோக்கிய இரண்டு பிணைப்புகளுக்கு முறை வருகிறது. எலக்ட்ரான்கள் கீழே நகர்கின்றன, மின்னோட்டம் திசை மாறிவிடுகிறது. 45 பாகையில் நிறுத்தினால் நான்கு பிணைப்புகளும் சம அளவில் பங்கெடுக்கும், மின்னோட்டம் பூஜ்யம். படிகத்தைத் தொடவே இல்லை, மின்முனைகளை மாற்றவில்லை, ஒளியின் தளத்தைத் திருப்பியதற்கே மின்னோட்டம் தலைகீழாகிறது. உள்மின்புலம் காரணமாக இருந்தால் இப்படி நடக்கவே வழியில்லை.

பிணைப்புகளை வைத்துச் சொன்ன இந்தப் படம் எளிமைப்படுத்தியது. உண்மையான படிகத்தில் ஒளியின் நிறத்தை மாற்றினாலே மின்னோட்டத்தின் அளவும், சில சமயம் திசையும் மாறும். வெவ்வேறு ஆற்றலில் வெவ்வேறு நிலைகளுக்கு இடையே தாவல் நடக்கிறது என்பதுதான் காரணம். ஆனால் தளத்தைத் திருப்பினால் நேரும் மாற்றம் எந்த நிறத்திலும் இதே சமச்சீர் விதிப்படிதான்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் வருகிறது. சூரிய ஒளி எந்தத் தளத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. எல்லாத் தளங்களும் கலந்தது. அது காலியம் ஆர்சனைடில் நான்கு பிணைப்புகளையும் சமமாகவே தூண்டும், ஒன்றும் மிஞ்சாது. தளவிளைவற்ற ஒளியிலும் மின்னோட்டம் வேண்டுமானால் படிகத்துக்கே தனித்த ஒரு திசை இருக்க வேண்டும். பேரியம் டைட்டனேட், லித்தியம் நையோபேட் போன்ற ஃபெரோ எலக்ட்ரிக் படிகங்களுக்கு, அதாவது நிலையான மின் முனைவாக்கம் உள்ள படிகங்களுக்கு, அது இருக்கிறது. ஆராய்ச்சியில் இவை அதிகம் அடிபடுவதால்தான் "ஃபெரோ எலக்ட்ரிக்கின் உள்மின்புலம்" என்ற தவறான விளக்கமும் நிலைத்துவிட்டது. அங்கே முனைவாக்கம் திசையைக் காட்டித் தருகிறது, தள்ளுவது அதுவல்ல.

## ஷிஃப்ட் மின்னோட்டம்

இப்படித் தாவலின்போதே எலக்ட்ரானின் இருப்பிடம் நகர்வதால் வரும் மின்னோட்டத்துக்கு ஷிஃப்ட் மின்னோட்டம் என்று பெயர். கிரவுட், ஃபான் பால்ட்ஸ் இருவரும் 1979-லும் 1981-லும் இதற்கான குவாண்டம் கோட்பாட்டை எழுதினார்கள். 2000-இல் சைப், ஷ்க்ரெப்தி இருவரும் அதைக் குறைக்கடத்திகளுக்குக் கணக்குப் போடத்தக்க வடிவில் தந்தார்கள். யங், ராப்பே இருவரும் 2012-இல் பேரியம் டைட்டனேடுக்கு அணு அமைப்பிலிருந்தே இதைக் கணக்கிட்டுப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள்.

கோட்பாட்டின் மையத்தில் இருப்பது ஷிஃப்ட் வெக்டர்: தாவலுக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரானின் சராசரி இருப்பிடத்துக்கு உள்ள வேறுபாடு. சொல்வது எளிது, கணக்கிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படிகத்தில் எலக்ட்ரான் ஓரிடத்தில் இருப்பதில்லை, படிகம் முழுக்கப் பரவிய அலையாக இருக்கிறது. அப்படியானால் "சராசரி இருப்பிடம்" என்று எதைச் சொல்வது?

விடை அலையின் கட்டத்தில் இருக்கிறது. கட்டம் என்பது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கான அளவு. படிகத்தில் எலக்ட்ரானின் உந்தத்தைச் சிறிது மாற்றும்போது அதன் அலையின் கட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு சிறு அலகுக்குள்ளும் அந்த அலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியும். இந்த அளவுக்கு பெர்ரி இணைப்பு என்று பெயர். மேல்பட்டையின் பெர்ரி இணைப்பிலிருந்து கீழ்ப்பட்டையுடையதைக் கழிக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. ஒவ்வொரு பட்டையிலும் அலையின் தொடக்கக் கட்டத்தை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதால், கழித்து வரும் எண்ணும் நம் விருப்பப்படி மாறும். அளந்தறியக்கூடிய ஒன்று நம் விருப்பத்தைப் பொறுத்து மாறக்கூடாது. ஒளி இரண்டு பட்டைகளையும் இணைக்கும்போது அந்த இணைப்புக்கும் ஒரு கட்டம் உண்டு. அது உந்தத்தோடு எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் விருப்பத்துக்கு உட்பட்ட பகுதிகள் முழுவதும் கழிந்துவிடும். மிஞ்சுவது நீளத்தின் அலகு கொண்ட ஒரே எண். அதுதான் ஷிஃப்ட் வெக்டர். பெரும்பாலான பொருள்களில் அது ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது அணுக்களின் இடைவெளி அளவில் இருக்கிறது.

மேலே போன எலக்ட்ரான் பிறகு கீழே வரத்தானே வேண்டும், வரும்போது நகர்வு கழிந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அது ஏறிய அதே நிலைகள் வழியே இறங்குவதில்லை. படிகத்தின் அதிர்வுகளுக்கு ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே பட்டையின் விளிம்புக்கு இறங்கி, அங்கிருந்து துளையோடு சேர்கிறது. இறங்கும் வழியிலும் நகர்வு உண்டு. ஏறியபோது நடந்ததை அது முழுதாக ரத்து செய்வதில்லை, அவ்வளவுதான்.

## ஏன் மின்னோட்டம் இவ்வளவு சிறியது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், ஆகவே எண்களோடு பார்ப்போம். சோலார் செல்லில் நல்ல நிலையில் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஓர் எலக்ட்ரான் வெளிச்சுற்றை முழுதாகச் சுற்றி வருகிறது. ஷிஃப்ட் மின்னோட்டத்தில் ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானை 0.1 நானோமீட்டர் நகர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்முனைகளின் இடைவெளி 1 மைக்ரோமீட்டர். அந்தச் சிறு நகர்வுக்கு வெளிச்சுற்றில் ஓடும் மின்னூட்டம், எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் 0.1 நானோமீட்டருக்கும் 1 மைக்ரோமீட்டருக்கும் உள்ள விகிதம், அதாவது 10,000-இல் ஒரு பங்கு. நல்ல சிலிக்கான் செல் சூரிய ஒளியில் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஆம்பியர் தருகிறது என்றால், அதே எண்ணிக்கை ஃபோட்டான்களை வாங்கும் இந்தப் படிகம் தருவது 4 மைக்ரோஆம்பியர். மின்முனைகளை 1 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு.

படிகத்தை மெலிதாக்கினால் விகிதம் கூடும். ஆனால் மிக மெலிதான படலம் ஒளியை முழுதாக உட்கவராது. இந்த இழுபறிக்கு எளிய தீர்வு இல்லை.

## ஏன் மின்னழுத்தம் இவ்வளவு பெரியது?

1974-இல் பெல் ஆய்வகத்தில் கிளாஸ், ஃபான் டெர் லிண்டே, நெக்ரான் மூவரும் இரும்பு கலந்த லித்தியம் நையோபேட்டில் 1000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் வருவதைக் காட்டினார்கள். அந்தப் படிகத்தின் பட்டை இடைவெளி ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே.

சந்தி செல்லில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது பட்டை இடைவெளி. இங்கே சந்தியே இல்லை. ஒளி மின்னோட்டத்தைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சுற்று திறந்திருந்தால் மின்னூட்டம் இரு முனைகளிலும் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்த மின்னூட்டம் உண்டாக்கும் புலம், படிகத்தின் சொந்தக் கடத்துதிறன் வழியே எதிர்த்திசையில் அதே அளவு கசிவை ஓட்டும்போதுதான் ஏற்றம் நிற்கும். ஆக மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தைப் படிகத்தின் மின்தடையால் பெருக்கி வருவது. படிகம் நீளமானால் மின்தடை கூடும், மின்னழுத்தமும் கூடும்.

கணக்கு: 1 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள படிகம். மின்தடை 10,000 கோடி ஓம். ஒளி உண்டாக்கும் மின்னோட்டம் 10 நானோஆம்பியர். பெருக்கினால் 1000 வோல்ட். இப்போது திறனைப் பாருங்கள். மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே நேர்கோட்டில் குறைவதால், எடுக்க முடிந்த அதிகபட்சத் திறன் இரண்டின் பெருக்குத்தொகையில் கால் பங்குதான்: 2.5 மைக்ரோவாட். நல்ல சந்தி செல்லில் இந்தப் பங்கு முக்காலைத் தாண்டும். விழும் ஒளி 100 மில்லிவாட் என்றால் மாற்றுதிறன் 0.0025 சதவீதம். ஆயிரம் வோல்ட் என்ற எண் ஈர்ப்பாக இருக்கலாம், ஆனால் அது படிகம் எவ்வளவு மோசமான கடத்தி என்பதையே முதன்மையாகச் சொல்கிறது.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. சூரிய ஒளியை நன்றாக உட்கவர வேண்டுமென்று பட்டை இடைவெளி குறைந்த பொருளைத் தேர்ந்தெடுத்தால், அதன் கடத்துதிறன் கூடிவிடும்; மின்னழுத்தம் சரிந்துவிடும். ஒளிச் செறிவைக் கூட்டினாலும் இதே கதைதான்: மின்னோட்டம் கூடும், ஒளியால் வரும் கடத்துதிறனும் கூடும், மின்னழுத்தம் ஓரளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும்.

சுருக்கமாக: மின்னோட்டம் சிறிதாக இருப்பது, நகர்வு அணு அளவில் இருப்பதால். மின்னழுத்தம் பெரிதாக இருப்பது, அந்தச் சிறு மின்னோட்டமும் கசிய வழியில்லாததால். பட்டை இடைவெளியைத் தாண்டிய மின்னழுத்தமும் ஷாக்லி-குவைசர் வரம்பைத் தாண்டிய திறனும் வேறு வேறு விஷயங்கள்.

## வட்டத் தளவிளைவு: இன்ஜெக்ஷன் மின்னோட்டம்

ஷிஃப்ட் மட்டுமே வழியல்ல. வட்டத் தளவிளைவுற்ற ஒளி சில படிகங்களில் வலப்பக்கம் ஓடும் எலக்ட்ரான்களையும் இடப்பக்கம் ஓடுபவற்றையும் சமமற்ற எண்ணிக்கையில் உண்டாக்குகிறது. இங்கே தாவல் எலக்ட்ரானின் இருப்பிடத்தை நகர்த்துவதைவிட, அதற்கு ஒரு திசையில் வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. அது மோதிச் சிதறும் வரை ஓடும். ஆகவே இந்த மின்னோட்டம் எலக்ட்ரான் சிதறாமல் போகும் காலத்தைப் பொறுத்தது. தூய்மையான படிகத்தில் பெரிதாகவும் அழுக்கான படிகத்தில் சிறிதாகவும் இருக்கும். ஷிஃப்ட் மின்னோட்டம் அந்தக் காலத்தை நேரடியாகப் பொறுத்ததல்ல. ஒளி சுழலும் திசையை மாற்றினால் இன்ஜெக்ஷன் மின்னோட்டம் தலைகீழாகும்.

காந்தத் தன்மையற்ற படிகங்களில் பங்கீடு தெளிவாக இருக்கிறது: நேர்கோட்டுத் தளவிளைவுக்கு ஷிஃப்ட், வட்டத் தளவிளைவுக்கு இன்ஜெக்ஷன். காந்தப் படிகங்களில் இந்தப் பங்கீடு குலைந்து, நேர்கோட்டுத் தளவிளைவிலும் இன்ஜெக்ஷன் வரலாம்.

இவ்விரண்டும் தாவலிலேயே பிறப்பவை. தாவலுக்குப் பிறகு, படிக அதிர்வுகளோடும் மாசு அணுக்களோடும் மோதும்போது ஒரு பக்கம் அதிகமாகச் சிதறுவதால் வரும் பாலிஸ்டிக் மின்னோட்டம் மூன்றாவது. பேரியம் டைட்டனேட்டில் படிக அதிர்வால் வரும் இந்தப் பங்கு ஷிஃப்ட்டுக்கு நிகரான அளவில் இருப்பதாக 2021-இல் வந்த கணக்கீடுகள் காட்டின. ஷிஃப்ட்டை மட்டும் கணக்கிட்டுவிட்டு "கோட்பாடு முடிந்தது" என்று சொல்வது அவசரம்.

## அளக்கும்போது எங்கே தவறுகிறது?

சமச்சீரற்ற படிகம், ஒளி, மின்னோட்டம் மூன்றும் இருந்தாலே அது பருமன் விளைவு என்று முடிவுகட்டிவிட முடியாது. ஒளி படிகத்தைச் சூடாக்கினால் ஃபெரோ எலக்ட்ரிக்கில் பைரோ மின்னோட்டம் வரும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒளியைப் போட்டதும் ஒரு துடிப்பு, அணைத்ததும் எதிர்த்திசையில் ஒரு துடிப்பு, நடுவில் மெல்ல மறையும். பருமன் விளைவு ஒளி இருக்கும் வரை நிலையாக நிற்கும். உலோக மின்முனைக்கும் படிகத்துக்கும் நடுவே சந்தி போன்ற தடுப்பு உருவாவது இன்னொரு தொல்லை. அதனால் மின்முனைகளின் மேல் ஒளி படாமல் மறைத்து, நடுப்பகுதியை மட்டும் சீராக ஒளியூட்ட வேண்டும். ஒளிப்புள்ளியை ஒரு மின்முனையின் பக்கம் நகர்த்தும்போது குறி மாறினால் மின்முனையைச் சந்தேகிக்க வேண்டும்.

நம்பகமான சோதனை தளத்தைத் திருப்புவதுதான். அரை அலைத் தட்டை (ஒளியின் தளத்தைத் திருப்பும் ஒளியியல் தகடு) வைத்துத் திருப்பும்போது தட்டு 45 பாகை திரும்பினால் ஒளியின் தளம் 90 பாகை திரும்பும். மின்னோட்டம் தட்டின் ஒவ்வொரு 90 பாகைக்கும் ஒருமுறை தன் வடிவத்தைத் திரும்பக் காட்ட வேண்டும். நேர்கோட்டுத் தளவிளைவை வட்டத் தளவிளைவாக்கக்கூடிய கால் அலைத் தட்டை வைத்தால் வட்டத் தளவிளைவின் பங்கு 180 பாகைக்கு ஒருமுறையும் நேர்கோட்டுப் பங்கு 90 பாகைக்கு ஒருமுறையும் திரும்பும். அதனால் இரண்டையும் ஒரே அளவீட்டிலிருந்து பிரிக்கலாம். வெப்பம் இந்த ஒழுங்கைப் பின்பற்றாது. ஆனால் படிகத்தின் பரப்பு ஒரு தளத்து ஒளியை அதிகமாகப் பிரதிபலித்தால் உள்ளே போகும் ஒளியே மாறிவிடும். அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும்.

மின்னழுத்தத்தை அளக்கும் கருவியும் ஏமாற்றும். நாம் மேலே கணக்கிட்ட 1000 வோல்ட் படிகத்தில், உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம் உள்ள சாதாரண மல்டிமீட்டரை இணைத்தால், 10 நானோஆம்பியரும் மீட்டர் வழியாகவே ஓடி முடிந்துவிடும். மீட்டர் காட்டுவது 0.1 வோல்ட். விளைவு இல்லவே இல்லை என்று நினைத்துப் படிகத்தை ஒதுக்கிவிடவும் கூடும். உள்ளீட்டுத் தடை 100 லட்சம் கோடி ஓம் அளவுள்ள எலக்ட்ரோமீட்டர் வேண்டும். அல்லது வெளியிலிருந்து தெரிந்த மின்னழுத்தங்களைக் கொடுத்து மின்னோட்டத்தை வரைபடமாக்கி, கோடு எங்கே பூஜ்யத்தை வெட்டுகிறது என்று நீட்டிப் பார்க்கலாம்.

கருவிகள் சரியாக இருந்தும் விளக்கத்தில் கருத்து வேறுபடலாம். பிஸ்மத் ஃபெரைட் படலங்களில் பட்டை இடைவெளியைத் தாண்டிய மின்னழுத்தம் 2010-இல் அறிவிக்கப்பட்டபோது, முனைவாக்கம் வெவ்வேறு திசையில் இருக்கும் பகுதிகளுக்கு நடுவே உள்ள சுவர்கள்தான் காரணம் என்று கருதப்பட்டது. 2013-இல் வந்த அளவீடுகள் பருமன் விளைவுக்கே முக்கியப் பங்கு இருப்பதைக் காட்டின.

## எங்கே பயன்படுகிறது, எங்கே தொல்லை தருகிறது

லித்தியம் நையோபேட்டில் இந்த விளைவு முதலில் வெளிப்பட்டது தொல்லையாகத்தான். 1966-இல் பெல் ஆய்வகத்தில் லித்தியம் நையோபேட் வழியே லேசர் கற்றையைச் செலுத்தியபோது கற்றை உருக்குலைந்தது. இதற்கு ஒளிச் சேதம் என்று பெயர் வந்தது. ஒளி பட்ட இடத்திலிருந்து மின்னூட்டம் நகர்ந்து இருண்ட விளிம்பில் சேர்கிறது, அதன் புலம் படிகத்தின் ஒளிவிலகல் எண்ணை மாற்றுகிறது என்பது பிறகு தெளிவானது. இரும்பு மாசு இருந்தால் நிலைமை மோசம்: இரும்பு அணுவிலிருந்து எலக்ட்ரான் ஒரு பக்கமாகவே வெளியேறுகிறது. சுமார் 5 மோல் சதவீதம் மக்னீசியம் ஆக்சைடு சேர்ப்பது இன்று வழக்கமான தீர்வு. அது ஒளியால் வரும் கடத்துதிறனைக் கூட்டுகிறது. சேரும் மின்னூட்டம் உடனே கசிந்துவிடுகிறது. மேலே பார்த்த மின்னழுத்தக் கணக்கை அப்படியே எதிர்ப்பக்கமாகப் பயன்படுத்துவதுதான் இது.

சமச்சீரை வேண்டுமென்றே உடைக்கவும் முடியும். 2018-இல் ஒரு கூர்முனையால் அழுத்தி, படிகத்தின் வடிவச் சிதைவு இடத்துக்கு இடம் மாறும்படி செய்தபோது, மையச் சமச்சீர் உள்ள படிகங்களும், சிலிக்கான் உட்பட, இந்த மின்னோட்டத்தைத் தந்தன. டங்ஸ்டன் டைசல்பைடு படலத்தை நானோகுழாயாகச் சுருட்டியபோது விளைவு பெரிதும் கூடியது 2019-இல் காட்டப்பட்டது.

வீட்டுக்கூரைச் சோலார் பலகைக்கு இவை போட்டியாக வரும் என்று எதிர்பார்ப்பதைவிட, ஒளி உணரிகளில் இவற்றைத் தேடுவது பொருத்தம். சந்தி செய்ய முடியாத, பட்டை இடைவெளியே இல்லாத பொருள்களும் இங்கே வேலை செய்யும். டான்டலம் ஆர்சனைடு அப்படிப்பட்ட ஓர் அரை உலோகம். 2017-இல் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டைஆக்சைடு லேசரை அதன்மேல் வட்டத் தளவிளைவோடு செலுத்தியபோது, சுழற்சித் திசைக்கேற்பக் குறி மாறும் மின்னோட்டம் கிடைத்தது. அந்த ஃபோட்டானின் ஆற்றல் 0.12 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. சிலிக்கானுக்கு அது கண்ணுக்கே தெரியாது. வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்கத் தேவையில்லை என்பதால் இருட்டில் ஓடும் வீண் மின்னோட்டமும் இருப்பதில்லை. தாவல் நடக்கும் அதே கணத்தில் பிறப்பதால் ஷிஃப்ட் மின்னோட்டம் ஃபெம்டோ வினாடி லேசர் துடிப்புகளையும் பின்தொடர்கிறது. அத்தகைய துடிப்பு பட்டதும் படிகம் டெராஹெர்ட்ஸ் அலைகளை வெளிவிடுகிறது. மின்முனையே ஒட்டாமல், அந்த அலையின் வடிவத்தை அளந்தே உள்ளே ஓடிய மின்னோட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம்.